வல்லூறுக் குஞ்சைத் தாய் தள்ளிவிடுமா? (பெர்க்லி மணிக்கூண்டு இழை)

கேள்வி (மே 20)

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கூண்டில் இருக்கும் வல்லூறுக் கூட்டின் கேமராவை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குஞ்சுகள் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. நேரம் வந்ததும் தாய்ப்பறவையே குஞ்சைத் தள்ளிவிடும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? அவ்வளவு உயரம், கீழே சிமெண்ட் தரை, பக்கத்தில் சாலை. பேசாமல் இதுகளை எடுத்து ஏதாவது மலையில் விட்டால் என்ன?

மே 21

தள்ளாது. நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகை உடைத்துக்கொள்ளும் என்ற கதையை அனுப்பிய அதே சித்தப்பாதான் இதையும் அனுப்பியிருப்பார்.

உயரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த மணிக்கூண்டு 307 அடி, அதாவது 93 மீட்டர் சொச்சம். பறக்கத் தெரியாத குஞ்சுக்கு அந்த உயரம்தான் பாதுகாப்பு. இறக்கை விரித்துத் தடுமாறி நிமிர்வதற்கு அங்கே இடம் இருக்கிறது. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து குதித்தால் நிமிர்வதற்குள் தரை வந்துவிடும்.

மலையில் விடுவது பற்றி: இந்தப் பொரி வல்லூறு (peregrine falcon) செங்குத்துப் பாறையில் முட்டையிடும் பறவை. குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது, பாறைத் திட்டில் சரளையைக் காலால் பறித்து ஒரு பள்ளம் செய்து அதில் இடும். ஆள் ஏற முடியாத உயரம், நாலு பக்கமும் திறந்த வெளி, கீழே கொழுத்த புறாக்கள். மணிக்கூண்டில் இது எல்லாமே இருக்கிறது. சரளை மட்டும்தான் குறை, அதையும் ஒரு தட்டில் கொட்டி மனிதர்கள் வைத்துக்கொடுத்துவிட்டார்கள். நீங்கள் மலைக்குக் கொண்டுபோனாலும் நாளைக்கு அது வேறொரு கோபுரத்தைத் தேடிக்கொள்ளும்.

மே 22

எப்போது பறக்கும் என்று கேட்டவருக்கு: பொரித்து ஏறக்குறைய 38 நாளிலிருந்து 45 நாளுக்குள். ஆண் குஞ்சுகள் முந்திக்கொள்ளும், ஏனென்றால் அவை சின்னவை. பெண் வல்லூறு ஆணைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிது, அந்த உடம்புக்கு இறகு முழுசாக வளர இன்னும் சில நாள் பிடிக்கும்.

கேமராவில் பார்க்கும்போது தலையைக் கவனியுங்கள். வெள்ளைத் தூவி உடம்பிலிருந்து உதிர்ந்து, உச்சந்தலையில் மட்டும் ஒரு கொத்து மிச்சம் இருந்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

மே 24

ஒருவர் விடவில்லை: "தள்ளாவிட்டாலும் பட்டினி போடும், இரையைக் காட்டி வெளியே இழுக்கும் என்று படித்திருக்கிறேன்."

இது பாதி சரி. நேற்று மாலை அப்பா வல்லூறு ஒரு புறாவைக் காலில் இடுக்கிக்கொண்டு கூட்டுக்கு முன்னால் இரண்டு தடவை குறுக்கே போனது. குஞ்சுகள் கத்தின கத்தலில் தரையில் இருந்த நாங்களே காதைப் பொத்திக்கொண்டோம். அப்பா கூட்டில் இறங்கவில்லை. மேற்கே சவுத் ஹால் கட்டடத்தின் கூரையில் போய் உட்கார்ந்து நிதானமாக இறகு பிடுங்க ஆரம்பித்தது.

பார்த்தால் பாடம் நடத்துவது போலத்தான் இருக்கிறது. புல்வெளியில் என் பக்கத்தில் இருந்தவரும் "பாருங்கள், ஆசை காட்டுகிறார்" என்றார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இந்த வயதில் குஞ்சுகள் அப்பா அளவுக்கே வளர்ந்தவை (பெண் குஞ்சாக இருந்தால் அதைவிடப் பெரியவை). இரையோடு இறங்கியதும் எல்லாம் சேர்ந்து பாயும், உகிர் எங்கே படும் என்று சொல்ல முடியாது. முந்தைய நாள் அது புறாவைத் தட்டில் போட்டுவிட்டுக் காலை உதறிக்கொண்டு பின்வாங்கியதைக் கேமராவில் பார்த்தேன். அந்தக் கூட்டத்துக்குள் இறங்க எந்த அப்பாவுக்கும் யோசனை வரும். பாடமா பயமா, எனக்குத் தெரிந்தவரை இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

மே 26

இன்று காலை ஒரு குஞ்சு கேமராவில் இல்லை. அரட்டைப் பெட்டி முழுக்க வாழ்த்து, பட்டாசுப் படம், கண்ணீர். நான் பஸ் பிடித்துப் போய் ஸ்கோப்பில் (முக்காலித் தொலைநோக்கியில்) பார்த்தால் அது தூணுக்குப் பின்னால் குப்புறப் படுத்துத் தூங்குகிறது. வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும்.

மே 27

இப்போது நிஜமாகவே போய்விட்டது.

மதியத்துக்கு மேல் மேற்கே கோல்டன் கேட் நீரிணைப் பக்கத்திலிருந்து கடல்காற்று ஏறும், இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு குஞ்சுகள் விளிம்பைக் கவ்விப் பிடித்தபடி படபடவென்று இறக்கையடிக்கும். உடம்பு ஓர் அங்குலம் எழும், மறுபடி இறங்கும். மூத்த ஆண் குஞ்சு அப்படி அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வீச்சுக் காற்று வந்தது. எழும்பியது, இறங்க விளிம்பு காலுக்குக் கீழே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது பறக்க முடிவு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதன் முகத்தைப் பார்த்தால் (சரி, அத்தனை தூரத்தில் முகம் எங்கே தெரிந்தது) அதற்கே ஆச்சரியம்.

பறந்தது நன்றாகவே பறந்தது. மணிக்கூண்டை ஒரு சுற்று, அகலமாக. அம்மா வல்லூறு எங்கிருந்தோ வந்து சற்று மேலே கூடவே போனது. புல்வெளியில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

அப்புறம் அது இறங்கப் பார்த்தது.

மே 28

நேற்றைய குறிப்பைப் பாதியில் விட்டதற்குத் திட்டு வாங்கிவிட்டேன். என் போனில் சார்ஜ் போய்விட்டது, வேண்டுமென்று செய்யவில்லை.

நடந்தது இதுதான். நூலகக் கூரையை நோக்கி வந்தது, வேகம் அதிகம், கூரையைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பி வந்து ஒரு ஜன்னல் திட்டில் காலை வைத்தது, திட்டு சரிவு, வழுக்கியது. சுவரில் நெஞ்சு உரச இறக்கையடித்து ஏறி, கடைசியில் கூரை விளிம்பில் வயிற்றால் விழுந்து, எழுந்து நின்று, உடம்பைச் சிலுப்பி, பிறகு யாரும் பார்க்கவில்லை என்பது போல இறகைக் கோத ஆரம்பித்தது.

இந்த இழையில் எல்லோரும் "எப்படிப் பறக்கும், எப்படிப் பறக்கும்" என்று கேட்கிறீர்கள். எத்தனையோ குஞ்சுகளைப் பார்த்த பிறகு என் அபிப்பிராயம்: பறப்பது அதற்குப் பெரிய பாடமே இல்லை. இளம் வல்லூறுக்கு இறக்கை இறகும் வால் இறகும் பெரிய பறவையைவிடக் கொஞ்சம் நீளம், காற்று தானாகவே தாங்கிக்கொள்ளும். நிற்பதுதான் கஷ்டம். பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்காமலே சைக்கிளில் ஏறி மிதித்துவிட்ட பிள்ளை அது. வேகத்தை எங்கே குறைப்பது, வாலை எப்போது விரிப்பது, காலை எப்போது நீட்டுவது, காற்றுக்கு எதிராக வந்து இறங்குவது, எல்லாவற்றையும் சுவரில் மோதித்தான் கற்கிறது.

பாறை என்றால் மோதினாலும் பிடிக்க ஏதாவது பிளவு இருக்கும், புதர் இருக்கும். நகரத்தில் வழவழப்பான சுவர், சரிவான திட்டு, கண்ணாடி. "மலையில் விட்டால் என்ன" என்று முதலில் கேட்டவர் உயரத்தை நினைத்துப் பயந்தார். அந்தக் கேள்வியை இறங்குமிடத்தை நினைத்துக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

மே 29

கண்ணாடி என்றதும் லக்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். புதியவர்களுக்காக: மணிக்கூண்டில் வல்லூறு முதன்முதலில் குஞ்சு பொரித்தது 2017இல். பெற்றோர் பெயர் ஆனி, கிரினல். பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தை நிறுவக் காரணமான ஆனி அலெக்சாண்டர், அதன் முதல் இயக்குநர் ஜோசப் கிரினல், இவர்கள் நினைவாக வைத்தது. குஞ்சுகள் இரண்டு, ஃபியட், லக்ஸ். லக்ஸ் பறக்க ஆரம்பித்த உடனேயே எவன்ஸ் ஹால் ஜன்னலில் மோதி இறந்துவிட்டது. கண்ணாடியில் வானம் தெரிந்தால் பறவைக்கு அது வானம்தான். வயது வந்த பறவைகளே மோதுகின்றன.

அடுத்த கேள்வி: "இயற்கையை அதன் போக்கில் விடாமல் ஏன் ஆட்கள் காவல் நிற்கிறார்கள்?"

நிற்பது பறப்பதைப் பார்க்க மட்டும் அல்ல, விழுவதைப் பார்க்கவும்தான். முதல் முறை பறந்த குஞ்சு தரையில் இறங்கிவிட்டால் அங்கிருந்து மேலே ஏற அதன் நெஞ்சுத் தசைக்கு இன்னும் பலம் போதாது. அம்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. கூரையில் உட்கார்ந்தால் இரை கொண்டுவந்து தரும், நடைபாதையில் ஆட்கள் நடக்கும் இடத்துக்கு இறங்கி வருவது அபூர்வம். நாய் வரும், கார் வரும். அதனால் ஆட்கள் சுற்றி நின்று வழியை மறிப்பார்கள். அனுமதி உள்ளவர் வந்து ஒரு துணியைப் போட்டுப் பிடித்து, அட்டைப்பெட்டியில் வைத்து, இறக்கை முறிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உயரமான இடத்தில் விடுவார். மறுபடி முதலிலிருந்து. நீங்களோ நானோ தொடக் கூடாது. இங்கே 1918ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் சட்டம் இருக்கிறது, இறகை வீட்டுக்கு எடுத்துப்போவதுகூடக் குற்றம்.

அப்புறம், கண்ணாடியும் காரும் இயற்கையின் போக்கா?

மே 29, இரவு

கடைசி வரி கொஞ்சம் சூடாகிவிட்டது, கேட்டவர் வருத்தப்பட வேண்டாம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்கேயே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மேல் போகும் பே பிரிட்ஜ் பாலத்தில் முட்டையிட்ட வல்லூறுகளின் கதையைப் பாருங்கள். பாலத்தில் பிறந்த குஞ்சு முதல் தடவை தவறினால் கீழே தண்ணீர். அதனால் அந்தக் குஞ்சுகளை எடுத்து வளர்த்து வேறு இடத்தில் விட்டார்கள். இனம் அழியும் நிலையில் இருந்தபோது ஒவ்வொரு குஞ்சுக்கும் அப்படி ஓடியது சரி. இப்போது எண்ணிக்கை மீண்டுவிட்ட பிறகும் ஒவ்வொன்றுக்காகவும் ஓட வேண்டுமா என்றால், கூட்டல் கழித்தல் போட்டுப் பார்ப்பவர் வேண்டாம் என்பார். புல்வெளியில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 1

மணிச் சத்தம் பற்றி இதோடு பலர் கேட்டாயிற்று. அந்தக் கூண்டில் 61 மணிகள். நம் காதுக்கே அதிரும். வல்லூறு கண்ணைக்கூடத் திறப்பதில்லை. ஆனால் ஒரு காக்கை பக்கத்தில் வந்தால் போதும், மொத்தக் குடும்பமும் எழுந்து ஊரைக் கூட்டும்.

ஜூன் 3

மெல்போர்னிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: ஆமாம், காலின்ஸ் தெரு 367ஆம் எண் கட்டடத்துக் கூடு எனக்கும் தெரியும், 1990களின் தொடக்கத்திலிருந்தே அங்கே இருக்கின்றன. உங்களுக்குப் பருவம் தலைகீழ். செப்டம்பர் வாக்கில் பொரித்து நவம்பரில் பறக்கும். எங்கள் இழை ஜூலையில் ஓய்ந்ததும் உங்கள் கேமராவுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன், காபி போட்டு வையுங்கள்.

மாத்தளைத் தங்கைக்கு: உங்களுக்குக் கேமராவே வேண்டாம். சிகிரியாப் பாறையில் ஷாஹீன் இருக்கிறது. பொரி வல்லூறின் உள்ளினம்தான், கொஞ்சம் சின்னது, தலை நல்ல கறுப்பு, வயிறு செம்மை. அது இடம்பெயர்ந்து வரும் விருந்தாளி அல்ல, அங்கேயே குடியிருந்து குஞ்சு பொரிக்கும். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் சுவர் ஓவியத்தைப் பார்க்க வரிசையில் நிற்கும்போது நீங்கள் வரிசையில் நின்றபடியே மேலே பாருங்கள். அந்தப் பாறை சமவெளியிலிருந்து 180 மீட்டருக்கு மேல், எங்கள் மணிக்கூண்டைப் போல் இரண்டு மடங்கு. அங்கே பிறந்த குஞ்சு இறங்கப் பழகும்போது கீழே காடு இருக்கிறது. எனக்குப் பொறாமை.

நீலகிரிப் பாறைகளிலும் ஷாஹீன் உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் குளிர்காலத்தில் பார்ப்பது பெரும்பாலும் வடக்கே வெகு தூரத்திலிருந்து வந்த வேறு உள்ளினம். அவை அங்கே குஞ்சு பொரிப்பதில்லை, எனவே செல்போன் கோபுரத்தில் ஒன்றைப் பார்த்தால் "முதல் பறப்பு" எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

ஜூன் 5

பெண் குஞ்சும் போனது. அண்ணன் போன அன்றிலிருந்து விளிம்பில் கத்திக்கொண்டே இருந்தது. அது சும்மா விளிம்பில் நடந்து போய், நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிளம்பிவிட்டது. காற்றும் இல்லை, படபடப்பும் இல்லை. எவன்ஸ் ஹால் கூரையில் முதல் தடவையே இரண்டு காலில் இறங்கியது. நான் மேலே எழுதிய சித்தாந்தத்துக்கு இது பொருந்தவில்லை, இருந்தாலும் ஒன்றிரண்டு பிள்ளைகள் அப்படித்தான்.

என் அம்மா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், கூட அழைத்துப் போயிருந்தேன். புல்வெளியில் கூடியிருந்தவர்கள் கைதட்டியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "இதில் அந்தப் புறா வீட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா?"

ஜூன் 9

"ஒரு பறவைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்றவருக்குக் கொஞ்சம் பழைய கதை.

கலிபோர்னியா முழுக்க 1970இல் தெரிந்த வல்லூறு ஜோடிகள் இரண்டு. மாநிலம் முழுக்க, இரண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் ஜோடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. டிடிடி பூச்சிக்கொல்லி பூச்சியிலிருந்து சின்னப் பறவைக்கு, அதிலிருந்து வல்லூறுக்கு என்று சேர்ந்துகொண்டே போனது. உடம்பில் அது உருமாறி, முட்டை ஓட்டுக்குப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. அதற்கு முன்பே டாம் கேட் என்ற கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் வல்லூறு வளர்ப்பவர்களின் பழைய வித்தையைக் கொண்டு கூண்டில் குஞ்சு பொரிக்க வைக்கும் முயற்சியை ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் குஞ்சுகளைப் பாறைகளிலும் கோபுரங்களிலும் பெட்டியில் வைத்து, ஆள் முகம் தெரியாமல் இரை போட்டு, பறக்கவிட்டார்கள். 1999இல் வல்லூறு அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2019இல் மணிக்கூண்டில் பிறந்த இரண்டு குஞ்சுகளுக்குக் கார்சன், கேட் என்று பெயர் வைத்தது இந்தக் கதைக்காகத்தான். கார்சன் என்பது பூச்சிக்கொல்லி ஆபத்தை ஊருக்குச் சொன்ன ரேச்சல் கார்சன்.

அந்தக் காலத்துப் பெட்டிக் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் அம்மா அப்பா இல்லை. அவற்றின் முதல் பறப்பையும் யாரோ கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நோட்டில் எழுதிக்கொண்டு. நாம் போனில் எழுதுகிறோம்.

ஒரு திருத்தம், என் குறிப்புக்கு அல்ல, கீழே ஒருவர் போட்டதற்கு: நகர வல்லூறு புது வழக்கம் அல்ல. டிடிடிக்கு முன்பே, 1940களில், மாண்ட்ரியாலின் சன் லைஃப் கட்டடத்தில் ஒரு ஜோடி வருடா வருடம் குஞ்சு பொரித்தது.

ஜூன் 16

இப்போதுதான் உண்மையான வேடிக்கை. முதல் பறப்பு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது, தப்பு. இந்த இரண்டு வாரத்தைப் பாருங்கள். அப்பா இரையோடு வரும், இரண்டு குஞ்சும் கத்திக்கொண்டே துரத்தும், அப்பா உயரத்தில் இரையை விடும், கீழே ஒன்று மல்லாந்து திரும்பிக் காலால் பிடிக்கப் பார்க்கும், தவறவிடும், அம்மா நடுவில் புகுந்து பிடித்துக்கொண்டு போய்விடும். சில நாளில் குஞ்சு தானே பிடித்துவிடும். பிடித்தபின் கனம் தாங்காமல் சரிந்துகொண்டே போகும் அழகைச் சொல்லி முடியாது.

அம்மா அப்பா சும்மா இருக்கும் நேரத்தில் குஞ்சுகள் ஒன்றை ஒன்று துரத்தும். தும்பியைத் துரத்தும். நேற்று ஒன்று காற்றில் போன பிளாஸ்டிக் பையைத் துரத்திப் பிடித்தது.

மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் பறவை என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், சரிதான், அது பெரிய பறவை தலைகீழாக விழும்போது. இந்த ஜூன் மாதக் குஞ்சு ஒரு புறாவின் மேல் பாய்ந்ததை நான் பார்த்தேன். புறா ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்தது.

ஜூன் 17

மே 24 குறிப்புக்கு மறுபடி வருகிறேன். ஆசை காட்டுகிறதா, கூட்டத்துக்குப் பயந்து விலகுகிறதா என்று எழுதியிருந்தேன். நேற்று கவனித்தது: குஞ்சு அமைதியாக ஒரு கூரையில் தனியாக இருந்தபோதும் அப்பா பக்கத்தில் போய்க் கொடுக்கவில்லை. குஞ்சு எழும்பி வரும்வரை காற்றில் சுற்றியது. அங்கே பாய்வதற்குக் கூட்டமே இல்லையே. அதனால் பயம் மட்டும்தான் காரணம் என்ற பக்கத்துக்கு நான் கொடுத்த எடையைக் கொஞ்சம் குறைக்கிறேன். பாடம் என்று சொல்ல மட்டும் இன்னும் மனம் வரவில்லை. காற்றில் கொடுத்தால் அப்பாவுக்கு வேலை மிச்சம், அவ்வளவாகவும் இருக்கலாம்.

ஜூன் 29

"எல்லாம் பிழைக்குமா?" இல்லை. முதல் வருடத்தில் பாதிக்கு மேல் இறந்துவிடும், மலையில் பிறந்தாலும் மணிக்கூண்டில் பிறந்தாலும். பசி, மின்கம்பி, கார், கண்ணாடி, பெரிய ஆந்தை. வயதானாலும் விடுவதில்லை: கிரினல் 2022 மார்ச்சில் பெர்க்லி கடைவீதிப் பக்கம் இறந்து கிடந்தது, வண்டி மோதியிருக்கலாம் என்றார்கள்.

பிழைத்ததில் ஒன்றைச் சொல்கிறேன். 2018 குஞ்சுகளுக்குத் தனிமப் பெயர் வைத்தார்கள், பெர்க்கீலியம், கலிபோர்னியம், லாரன்சியம். அதில் லாரன்சியம் பிறகு அல்கட்ராஸ் தீவில் குடும்பம் நடத்துவது, குஞ்சாக இருந்தபோது போட்ட அடையாளக் கால் வளையத்தை வைத்துத் தெரிந்தது. சிறையிலிருந்து தப்பிக்க ஆள் தவம் கிடந்த தீவில் இது தானாகப் போய் இடம் பிடித்திருக்கிறது. வளையம் போட்டால் குஞ்சுக்கு வலிக்காதா என்று மே மாதத்தில் சண்டை போட்டவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். வளையம் இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு வல்லூறு, அவ்வளவுதான்.

ஜூலை 2

அடுத்த வருடம் நேரில் வருகிறேன், என்ன வாங்க வேண்டும் என்று கேட்டவருக்கு: 8×42 பைனாகுலர் போதும், ஸ்கோப் வைத்திருப்பவர்கள் கேட்டால் காட்டுவார்கள், காட்டாமல் விடமாட்டார்கள். மதியம் காற்று குளிரும், மேலே போட ஒன்று கொண்டுவாருங்கள். நின்றுகொண்டு மேலே பார்க்காதீர்கள், கழுத்து போய்விடும். புல்லில் ஒரு போர்வை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்து வரலாம், ஆனால் இறகு பிடுங்கும் நேரத்தில் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.